பண்ணைக்குப் பங்குதாரர்கள்

விளைவித்தவனால் விலை வைக்க முடிவதில்லை. மழை பொய்த்தாலும் அளவு மீறிப் பெய்தாலும் நஷ்டம் மட்டும் அவன் ஒருவன் தலையிலேயே விடிகிறது. விவசாயியின் இந்தத் தலைவிதியை மாற்றிப் பார்க்கத் துணிந்து, டிராவ்கர் குரோ, அந்தனி கிரஹாம், லிங்கன் கைகர் என்னும் மூவர் 1986-ஆம் வருஷம் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தொடங்கியதே டெம்பிள்–வில்ட்டன் சமுதாயப் பண்ணை.

அங்கே காய்கறிக்குத் தனி விலை கிடையாது. விதை, கூலி, மாட்டுத் தீனி, இயந்திரப் பழுது என்று வரப்போகும் வருஷத்தின் செலவுக் கணக்கை உழவர்கள் ஒளிவுமறைவின்றி அங்கத்தினர் முன்னே விரித்துவைக்க, ஒவ்வொரு குடும்பமும் தன் வரவுசெலவை யோசித்துத் தன்னால் இயன்ற தொகையை ஒப்புக்கொள்ளுகிறது. கூட்டிப் பார்த்துத் துண்டு விழுந்தால் மறுபடியும் கேட்கிறார்கள். கூடுதலாகக் கொடுத்தவருக்குக் கூடுதலான கீரை என்ற நியாயம் அங்கே செல்லாது. அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வியாபார சாஸ்திரம் படித்தவர்கள் சிரிக்கலாம். பண்ணை என்னவோ பல்லாண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டது.

அதே காலத்தில் மாஸசூஸெட்ஸில் ராபின் வான் என் என்ற பெண்மணியும் நண்பர்களும் இந்தியன் லைன் பண்ணையில் கைக்கொண்ட முறை, நிர்ணயமான பங்குத் தொகையை முன்பணமாகக் கட்டி, விளைச்சலில் ஒரு பங்கை வாரந்தோறும் பெறுவது. கணக்குக்குச் சுலபமான இதுவே அதிகம் பரவியது. ஆனாலும் ஏழைக்கும் தனவந்தருக்கும் ஒரே தொகை என்பதால், வில்ட்டன் முறையே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடிகள் ஜப்பானியர். மினமாட்டா என்னும் ஊரைத் தாக்கிய பாதரச விஷமும் பூச்சிமருந்துப் பயமும் இல்லத்தரசிகளைக் கலக்கியிருந்த நாளில், கூட்டுறவு இயக்கத்தவரான இச்சிராகு தெருவோ 1971-இல் இயற்கை விவசாயச் சங்கத்தை நிறுவினார். உழவரும் உண்பவரும் நேரே கைகோக்கும் இந்த 'தெய்க்கெய்' முறைக்கு 1978-இல் பத்து விதிகள் வகுக்கப்பட்டன. பயிரிடுவதை இரு தரப்பாரும் கலந்து தீர்மானிப்பது, தரம் பிரித்துப் பொட்டலம் கட்டும் வேலை மிச்சமாவதை மனத்தில் வைத்து விலையைப் பரஸ்பரம் விட்டுக்கொடுத்து முடிவு செய்வது, அனுப்பியது அனைத்தையும் ஏற்றுக்கொள்வது ஆகியவை அவற்றில் அடங்கும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம்: முள்ளங்கி குவியும் பருவத்தில் வீட்டில் முள்ளங்கியைத் தவிர வேறு சமையல் இராது. பெண்கள் உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கியபின், காய்களைப் பிரித்துக் கொடுக்கும் ஊதியமில்லா வேலைக்கு ஆள் குறைந்து, அந்தக் குழுக்களில் பல மெலிந்தன.

இத்தகைய பண்ணையில் சேர நினைக்கும் வாசகர் முதலில் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். மலிவான காய்கறி மட்டும் போதுமென்பவர் சந்தைக்கே போகலாம்.