பாலைவனம் பரவுகிறதா?

தார்ப் பாலைவனம் வருஷந்தோறும் கிழக்கு நோக்கி நகர்ந்து வருகிறது, ஒரு காலத்தில் டில்லியின் வாயிலையும் மணல் மூடிவிடும் என்ற பீதி வடநாட்டில் நெடுநாளாக உலவி வந்ததாகும். 1952-ம் வருஷம் விஞ்ஞானிகள் புது டில்லியில் கூடி இதைப் பற்றியே விவாதித்தார்கள். வானிலை இலாகா அறிஞர்கள் பழைய மழைக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தனர். மழை படிப்படியாகக் குறைந்து வந்ததென்பதற்கு அவற்றில் ஆதாரம் அகப்படவில்லை. மணல் பெயர்வதற்கு மழையைக் காட்டிலும் மனிதன் வெட்டிய மரமும் மிதமிஞ்சிய மேய்ச்சலுமே காரணமாகலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இவ்விஷயத்தில் அவசர முடிவு ஆபத்தானது. ஜெய்ஸால்மரில் ஆண்டின் சராசரி மழை சுமார் 200 மில்லிமீட்டர். ஆனால் அந்தச் சராசரியை ஒட்டிப் பெய்யும் ஆண்டோ அபூர்வம். 1899-ல் மழை பொய்த்தது. அப்போது நேர்ந்த கொடும் பஞ்சத்தை, விக்ரம சகாப்தம் 1956-ஐக் கொண்டு, ‘சப்பனியா’ என்று ராஜஸ்தானத்து ஜனங்கள் இன்னும் நினைவுகூருகிறார்கள். 1917-ல் அபரிமிதமான மழை, மறு வருஷமே கடும் வறட்சி. 2006 ஆகஸ்டு மாதத்தில் பார்மேர் ஜில்லாவில் சில தினங்களுக்குள் ஒரு வருஷத்து மழைக்கும் அதிகமாகக் கொட்டிக் கவாஸ் முதலிய கிராமங்கள் நீரில் ஆழ்ந்தன.

1899-ல் தொடங்கிக் கணக்குப் பார்ப்பவருக்குப் பாலைவனம் செழித்து வருவதாகத் தோன்றும். 1917-ல் தொடங்குபவருக்கோ வறண்டு வருவதாகத் தோன்றும். இருவர் கையிலும் இருப்பவை மெய்யான எண்களே! முப்பது வருஷச் சராசரியைச் சாதாரண நிலையாகக் கொள்வது வானிலை நூலாரின் வழக்கம். பாலைவனத்தில் அதுவும் போதாது, நூறாண்டுக் கணக்கு வேண்டும்.

இந்திய வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டதால் அத்தகைய செல்வம் நம்மிடம் உண்டு. எனினும் மழைமானியை இடம் மாற்றினாலும், பக்கத்தில் ஒரு வேம்பு வளர்ந்து நிழல் கவித்தாலும் கணக்குப் பிசகும். காலை 8½ மணிக்கு அளக்கத் தவறிய மழையைப் பிறகு எந்த நிபுணரும் அளக்க இயலாது.

சமீப காலத்தில் மேற்கு ராஜஸ்தானத்தில் மழை ஓரளவு கூடியிருப்பதாகக் கணக்குகள் காட்டுகின்றன. அதே நாட்டில்தான் 2016 மே மாதம் பலோதியில் வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. மழையை நம்பி மேய்ச்சல் தரைகளை உழுது விதைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். 1918-ஐப் போன்ற ஓர் ஆண்டு மீண்டும் வந்தால் கால்நடைகளுக்குப் புல் எங்கிருந்து கிடைக்கும்?