பார் மூலையில் ஒரு பூல் மேசை

குமரி மாவட்டத்தில் கேரம் போட்டியை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. ஓணமோ கிறிஸ்துமஸோ நெருங்கினால் போதும், விளையாட்டுக் கழகங்கள் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் கட்டிவிடும். நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, தொடர்பு எண் எல்லாம் அதிலேயே இருக்கும். இங்கிருந்து கப்பல் வேலைக்கும் ஐ.டி. வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் போகிறவர்களுக்கு வெளிநாட்டில் அப்படி ஃபிளெக்ஸ் கிடைக்காது. ஆனால் போட்டிகள் உண்டு. கேரத்துக்குப் பதில் பூல், அதாவது மேசையில் பந்துகளைக் கோலால் குழிக்குள் தள்ளும் ஆட்டம். கழகத்துக்குப் பதில் பார்.

பூலுக்கு உறவான ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தான். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்தார், விதிகள் ஊட்டி கிளப்பில் உருப்பெற்றன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அப்படியிருந்தும் கோல் பிடித்துப் பார்த்த நம்மவர்கள் குறைவு.

பிரிட்டன் பப்களில் பெரும்பாலும் ஏழடி நீள மேசை, சிவப்பும் மஞ்சளுமாகப் பந்துகள். அமெரிக்காவில் எண் போட்ட பதினைந்து பந்துகள்: ஒருவருக்கு 1 முதல் 7 வரை, மற்றவருக்கு 9 முதல் 15 வரை. தன் பந்துகளை முதலில் குழியில் தள்ளி, கடைசியில் கறுப்பு எட்டையும் போட்டவர் வெல்வார். இதுதான் எட்டுப்பந்து. பல இடங்களில் வென்றவர் மேசையிலேயே நிற்பார். அடுத்து ஆட விரும்புகிறவர் மேசை விளிம்பில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார். அதுதான் அவருடைய முறைக்குச் சீட்டு.

போட்டி எங்கே, எப்போது? எளிய வழி, கவுண்டரில் நிற்பவரிடம் கேட்பது. கூட்டம் குறைவான வார நாளொன்றில் ஆளைச் சேர்க்கவே பல பார்கள் போட்டி வைக்கின்றன. தொடங்குவதற்கு முன்பே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அறிவிப்புப் பலகையையும் பார்க்கலாம். கைபேசியில் தேடுகிறவர்களுக்கு ஐரோப்பாவில் கியூஸ்கோர், அமெரிக்காவில் டிஜிட்டல் பூல் போன்ற தளங்களில் போட்டிப் பட்டியல் கிடைக்கும்.

நன்றாக ஆடத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு லீக் ஆட்டமே ஏற்றது. டெர்ரி பெல், லாரி ஹப்பர்ட் என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979-ல் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்க பூல் ஆட்டக்காரர் சங்கம். அதன் எட்டுப்பந்து லீக்கில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை திறன் எண் உண்டு. திறன் குறைந்தவர் வெல்ல வேண்டிய ஆட்டங்களும் குறைவு. ஓர் இரவில் இறங்கும் ஐந்து பேரின் எண்களைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. அதனால் புதியவருக்கு அணியில் எப்போதும் தேவை இருக்கிறது! வாரந்தோறும் அதே முகங்களோடு ஆடுவதில் சிநேகமும் கிடைக்கும், தனியாகப் போய் இறங்கியவருக்கு அது சின்ன விஷயமல்ல.

ஒரு எச்சரிக்கை. நுழைவுக் கட்டணம் கட்டிப் போட்டியில் ஆடுவது வேறு, ‘பணம் வச்சு ஆடுவோமா’ என்று சிரித்துக்கொண்டு வரும் ஆள் வேறு. 1985-ல் ஹூஸ்டன் நகரில் சீசர் மொராலெஸ் என்ற பெயரில் வந்திறங்கிய ஒரு பிலிப்பைன்ஸ்காரர் அமெரிக்கக் கில்லாடிகளையெல்லாம் தோற்கடித்தார். உண்மையில் அவர் எஃப்ரென் ரெயெஸ்; பின்னாளில், 1999-ல் கார்டிஃபில், பூலின் இன்னொரு வகையான ஒன்பதுபந்தில் உலகப் பட்டம் வென்றவர். எதிரே நிற்பவர் யாரென்று முகத்தில் எழுதியிருக்காது.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பணம் வைத்து ஆடவே கூடாது. அங்கே சூதாட்டம் பொதுவாகக் குற்றம். பூலுக்குத் தடையில்லை. பார்களே இல்லாத சவூதி அரேபியாவில், ஜெத்தாவில்தான் 2024-ன் உலக பூல் சாம்பியன்ஷிப் நடந்தது.

மது அருந்தாதவர்களும் தயங்க வேண்டாம். ஒரு சோடா வாங்கிக்கொண்டு ஆடலாம். ஆனால் அமெரிக்காவில் பல பார்கள் 21 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடுவதில்லை. பாஸ்போர்ட்டோ வேறு வயதுச் சான்றோ கையில் இருக்கட்டும். முதல் பந்தை அடிக்கும் முன், அந்தக் கடையின் விதி என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் அது மாறும்.