பவளப் பார்களும் எண்ணெய்க் கிணறுகளும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த ஊர் உதியன்குளங்கரை. இதற்குத் தென்மேற்கே பூவார், பொழியூர் ஆகிய கடற்கரை ஊர்கள் உள்ளன. கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டை மீனவர்கள் ‘பார்’ என்பர். பார் உள்ள இடத்தில் மீன் உண்டு என்பது அவர்தம் பட்டறிவு. இப்பார்கள் பலவற்றில் பவளங்கள் வளர்கின்றன.

பவளம் கல்லைப் போலத் தோன்றினும் அஃது உயிரினமே. மிகச் சிறிய பவள உயிரிகள் சுண்ணாம்பால் தமக்குக் கூடு கட்டுகின்றன. அக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பாறையாகின்றன. பருத்த உருண்டை வடிவப் பவளம் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஆழங்குறைந்த கடலில் வாழும் பவளங்களின் உடலில் நுண்பாசிகள் தங்கியுள்ளன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிப் பவளத்திற்கும் அளிக்கின்றன. ஆகவே தெளிந்த நீர் இவற்றிற்கு இன்றியமையாதது. மீன்கள் பவளத்தின் இடுக்குகளில் ஒதுங்கி இரை தேடுகின்றன. குஞ்சுகளும் அங்கே வளர்கின்றன.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளத் திட்டுகள் புகழ்பெற்றவை. முற்காலத்தில் சுண்ணாம்பிற்காக அவை வெட்டி எடுக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டு அப்பகுதி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று.

கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்னும் கடலடி மேடு உள்ளது. தமிழக, கேரள மீனவர் பலருக்கு அது வாழ்வளிக்கும் மீன்வளப் பகுதி. 1976ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாடு, அம்மேட்டின் மீது இந்தியாவிற்குள்ள உரிமையை உறுதி செய்தது. அங்கே பெட்ரோலியம் தேடப்படலாம் என்னும் குறிப்பும் அந்த உடன்பாட்டில் உண்டு. 2024ஆம் ஆண்டு கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்குத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. தம் தொழில் அழியும் என அஞ்சிய மீனவர்கள் அதனை எதிர்த்தனர்.

அவர்தம் அச்சத்திற்குக் காரணம் உண்டு. கிணறு தோண்டும்போது வெளிப்படும் சேறும் கல்தூளும் பவளத்தின் மேல் படிந்தால் அது மூச்சுத் திணறி மடியும். கலங்கிய நீர் ஒளியைத் தடுக்கும். கப்பலின் நங்கூரம் நூறாண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் உடைக்கும். 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் ஒரு கிணறு வெடித்து, 87 நாள்கள் எண்ணெய் கசிந்தது. அங்கிருந்து 11 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆழ்கடல் பவளங்களும் பாதிக்கப்பட்டன.

நாட்டிற்கு எரிபொருள் தேவை என்பதும் உண்மையே. எனினும் எல்லாக் கடலும் ஒரே தன்மையது அன்று. ஆஸ்திரேலியா தன் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பூங்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதைச் சட்டத்தால் தடுத்துள்ளது. பெலீசு என்னும் சிறிய நாடு தன் கடல் முழுவதிலும் எண்ணெய் தேடுவதை நிறுத்தி வைத்தது. நார்வேயிலோ, தோண்டுவதற்கு முன்னரே பவளங்கள் உள்ள இடங்களைக் கண்டறிந்து, நங்கூரமும் கழிவும் அவற்றின்மீது படாதவாறு விலக்குகின்றனர்.

எண்ணெயைத் தேடுமுன் பவளத்தைத் தேட வேண்டும். பார் எங்குள்ளது என்று அறிந்த மீனவரையும் அப்பணியில் கலந்துகொள்ளுதல் வேண்டும். இழந்த எண்ணெய்க்கு மாற்று எரிபொருள் உண்டு. இழந்த பவளத்திற்கு மாற்று இல்லை.

சிந்தித்து விடை எழுதுக:
1. பவளத்திற்குத் தெளிந்த நீர் தேவைப்படுவது ஏன்?
2. மீனவரின் பட்டறிவு பவளப் பாதுகாப்பிற்கு எவ்வாறு உதவும்?