எறும்புக்கு இட்ட சர்க்கரை

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்தை அடுத்த கோயில்வெண்ணியில் கரும்பேஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். கரும்புக் கழிகளைச் சேர்த்துக் கட்டியது போன்ற திருமேனி. அம்பிகை சௌந்தரநாயகி. சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்துக்கு நீரிழிவு உடையோர் திரளாக வருகின்றனர். ரவையில் சர்க்கரையைக் கலந்து பிராகாரத்தில் இடுவது இங்குள்ள பிரார்த்தனை. எறும்புகள் சர்க்கரையை உண்டு ரவையை விட்டுச் செல்வதுபோல, தம் உடலில் மிகுந்த சர்க்கரையும் நீங்கும் என்பது அடியார்களின் நம்பிக்கை.

எறும்புக்கு இட்டதை வீட்டில் மீண்டும் எடுத்துக்கொள்ளாதிருப்பதுதான் அரிது. முதல் மாதம் எவருக்கும் கடினமன்று. காப்பியில் சர்க்கரை நின்றுவிடும், விடியற்காலை நடையும் தவறாது. நான்காம் மாதத்தில்தான் தளர்வு வரும். நம் பஞ்சாங்கமும் இரக்கம் காட்டுவதில்லை. ஆவணியில் கொழுக்கட்டையும் சீடையும், ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம், கார்த்திகையில் அப்பமும் பொரி உருண்டையும், மார்கழி முழுதும் சர்க்கரைப் பொங்கல். நவராத்திரிச் சுண்டல் ஒன்றே தயங்காமல் ஏற்கத்தக்கது.

பண்டிகையன்று ஒருநாள் அளவு மீறியதால் பெருங்கேடு வருவதில்லை. 'இனி என்ன' என்று மறுநாளும் பழைய ஒழுங்குக்குத் திரும்பாமல் இருப்பதே கேடு. பிரசாதத்தை மறுக்கவும் வேண்டியதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு சிட்டிகை உண்டு, மீதியைப் பேரக்குழந்தைக்குத் தரலாம். பிரசாதத்தின் அருளுக்கு அளவு ஏது! வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையைக் கூட்டாது என்ற எண்ணம் மட்டும் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. அவையும் கூட்டவே செய்யும்.

நாற்பது ஆண்டுகளாக எவரும் நினைவூட்டாமல் அந்தி விளக்கேற்றி வருபவருக்கு, ஒழுங்கைக் காப்பது புதிதன்று. புதுப் பழக்கத்தை அந்தப் பழைய நியமத்தோடு பிணைத்துவிடுவதே எளிது. விளக்கேற்றியதும் மாத்திரைப் பெட்டியைப் பார்ப்பது, காலை உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் பிராகாரத்தை வலம் வருவது என்று அமைத்துக்கொள்ளலாம். உணவுக்குப் பின் நடக்கும்போது சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். ஆனால் உச்சிவேளைக் கருங்கல் தளம் ஆகாது. நாட்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குன்றுவதுண்டு. கல் சுட்டதும், முள் தைத்ததும் தெரியாமலே புண்ணாகிவிடும். கோயிலுக்குப் புறப்படுமுன் கால் கழுவும்போதும் இரவு படுக்குமுன்னும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் மருமகளிடமோ பேரனிடமோ பார்க்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டுவது ஏகாதசி, சஷ்டி விரதங்களில்தான். சில மாத்திரைகளும் இன்சுலினும், உணவு உட்கொள்ளாத நாளில் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியன அதன் அடையாளங்கள். சந்நிதியில் ஒரு முதியவர் இவ்வாறு தள்ளாடினால், விரதத்தின் களைப்பு என்றோ பக்திப் பரவசம் என்றோ எண்ணிவிடுவர். அந்தத் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே எந்தெந்த நாளில் விரதம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவை அவர் சொற்படி மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறு. பாலும் பழமும் கொண்ட விரதம் பலருக்குப் பொருந்தும். முழு உபவாசம் கூடாது என்று அவர் தடுத்தால், அன்று நாம ஜபத்தோடு அமையலாம்.

கோயிலுக்குச் செல்லும்போது திருநீற்றுப் பையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைப் பொட்டலமாக மடித்து வைத்துக்கொள்வது நன்று. மேற்சொன்ன அடையாளங்கள் தோன்றினால் உடனே அதை நீரில் கரைத்துப் பருக வேண்டும். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு பருகலாம். தெளிந்தபின் சிறிது உணவும் கொள்ள வேண்டும்; அன்றைய விரதம் அத்துடன் முடிந்தது.