டின்னில் இருப்பதும் புகையில் வருவதும்

கொசுவும் நாமும் – 6

டிங்கி என்ற பேச்சு எழுந்தாலே புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் அடுத்த கேள்வி, "புகை அடிக்க வந்தார்களா?" என்பதுதான். வராவிட்டால் கோபம், வந்தால் நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் தேய்ந்துகொண்டே வருகிறது. பழியைப் புகை இயந்திரத்தின் மேல் மட்டும் போட முடியாது; கடையில் வாங்கி நாமே அடிக்கும் டின்னுக்கும் அதில் பங்கு உண்டு.

சுருள், பிளக்கில் செருகும் வில்லை, அமுக்கினால் சீறும் டின் இவற்றின் லேபிள்களைப் பார்த்தால் அல்லெத்ரின், பிரல்லெத்ரின், சைபர்மெத்ரின் என்று பெயர்கள் மாறும். குடும்பம் மட்டும் ஒன்று, பைரித்திராய்டு. புகையாக அடிக்கும் மருந்துகளிலும் பல இதே குடும்பம்தான். கொசுவின் நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்வது இவற்றின் வேலை. கொசு துடித்து விழும். ஆனால் கூட்டத்தில் எங்கோ ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்த வாயில் சற்று வேறாக அமைந்திருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட்டு அவற்றுக்கு இடம் ஒழித்துத் தருகிறது. முட்டை பொரிந்து கொசுவாகப் பத்து நாள் போதும் என்பதால், ஒரே வருடத்தில் பல தலைமுறை ஓடிவிடும். 1967ல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் அடித்தார்களே டிடிடி, அதுவும் இதே வாயிலைத்தான் குறிவைத்தது. டிடிடியைத் தாங்கும் மாற்றம் பைரித்திராய்டையும் தாங்க உதவும்.

இது வெறும் ஊகமல்ல. கோலாலம்பூர், பினாங்கு, ஜோகூர் பாரு, கோத்தா பாரு கொசுக்களை வைத்துச் செய்து 2015ல் வெளிவந்த ஆய்வில், டிங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பைரித்திராய்டுகளை வலுவாக எதிர்த்து நின்றது. சோடியம் வாயிலின் புரதத்தில் 1016, 1534 ஆகிய இரு இடங்களிலும் மாற்றம் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஒரு மணி நேரம் மருந்துத் தாளோடு அடைத்து வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணும்போது 90 விழுக்காட்டுக்குக் குறைவாகச் செத்திருந்தால் அது எதிர்ப்புக் கொசு. வீட்டு டின்னையே சோதித்ததும் உண்டு. மெக்சிகோவின் மெரிடா நகர வீடுகளில் நடந்த அந்தச் சோதனையில் ஆய்வகத்தில் வளர்ந்த, மருந்தைத் தாங்காத இனம் செத்தது. உள்ளூர் இனத்தில் செத்தவை அதைவிடக் குறைவு.

"சுருள் கொளுத்தினால் கடி குறைகிறதே" என்று கேட்கலாம். குறைவது பெரும்பாலும் சாக்கடையில் பெருகி இரவில் கடிக்கும் கியூலெக்ஸின் கடி. டிங்கி பரப்பும் ஏடிஸ் பகலில் கடித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டைக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் ஒதுங்கியிருக்கும். இரவெல்லாம் புகையும் சுருள் அங்கே சாகடிக்கிற அளவுக்குப் போய்ச் சேராது. தாங்கும் கொசுவைப் பொறுக்கி எடுக்கிற அளவுக்குச் சேரும். வேறு மருந்துக்கு மாறலாமே என்றால், அரசாங்கத்தால் முடியும். மெலத்தியான் போன்ற வேறு குடும்ப மருந்துகள் அதனிடம் உண்டு. கடை அலமாரியில் நமக்கு அந்த வசதி இல்லை. எந்த நிறத்து டின்னை எடுத்தாலும் உள்ளே பெரும்பாலும் பைரித்திராய்டுதான்.

நோய் பரவும் நேரத்தில் புகையே வேண்டாம் என்று வாதிட நான் வரவில்லை. 2019ல் நாடு முழுக்க 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. கிருமியைச் சுமந்து பறக்கும் கொசுவை உடனே கொன்றாக வேண்டிய கட்டம் வரத்தான் செய்யும். ஆனால் புகை வண்டியின் சத்தம் கேட்டதும் கதவு ஜன்னலை அடைத்துக்கொள்கிறோம். ஏடிஸ் இருப்பதோ உள்ளே. தொட்டியில் நெளியும் புழுவையும் விளிம்பில் ஒட்டிய முட்டையையும் புகை தொடாது. அப்படியிருக்க, ஒரு சம்பவமும் இல்லாதபோது "அடிக்கவே மாட்டேன் என்கிறார்கள்" என்று மனு எழுதுவது, நெருக்கடிக்கென்று வைத்திருக்கும் மருந்தை முன்கூட்டியே தீர்க்கச் சொல்வதாகும்.

தோட்டப்புறத்துக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அதே 2015 ஆய்வில், மரத்தடியிலும் வெளிப்புறத்திலும் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸிடம் அந்த இரு மாற்றங்களும் காணப்படவில்லை. ரப்பர் தோட்டத்தில் இதற்கு வாய்த்த தொட்டில் பால் மங்கு. சீவாமல் விட்ட நிரைகளில் கம்பியிலேயே தொங்கும் மங்கில் மழைநீர் நின்றால் போதும். அதைக் கவிழ்த்து வைக்க எந்த மருந்தும் வேண்டாம். டிடிடி வருமுன்பே இந்த மண்ணில் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1901ல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து மலேரியாவைக் குறைத்தார்; பிறகு மலைப்பாங்கான தோட்டங்களில் ஓடைகளைக் குழாய்க்குள் இறக்கினார்கள், எண்ணெய் தெளித்தார்கள். வீட்டு ஜன்னலுக்கு வலை அடிப்பதும் மருந்தில்லாத வழிதான். "அது நிர்வாகத்தின் செலவு, கூலிக்காரன் வீட்டில் ஜன்னல் வலைக்கு யார் பணம் தருவது?" என்ற கேள்வி நியாயமானது. மாதம் தவறாமல் டின்னுக்கும் சுருளுக்கும் போகும் வெள்ளியைக் கூட்டிப் பார்த்தால் வலை அப்படி எட்டாத விலையாக இருக்காது. கைவிட்ட வெட்டுக்காட்டின் மங்குகளோ வேறு கதை: அது நிர்வாகத்தின் வேலை, அதைத்தான் மனுவில் எழுத வேண்டும்.