ஒத்த இயல்பைக் கூறும் ஆங்கிலத் தொடர்கள்

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் பள்ளி ஆண்டு மலருக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி வந்தான். தலைமையாசிரியரும் துணைத் தலைமையாசிரியரும் நகமும் சதையும் போலப் பழகுபவர்கள் என்று புகழ நினைத்தவன், ‘திக் ஆஸ் தீவ்ஸ்’ என்று எழுதியிருந்தான். திருடர்களைப் போல நெருக்கமானவர்கள் என்பது அதன் நேர்ப்பொருள்! நண்பர்கள் தமக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். பெரியவர்களைப் பற்றி மலரில் அச்சிடலாமா? பையன்மேல் பிழையில்லை. தொடரின் பொருளைச் சொல்லித் தந்த நான் அதன் குணத்தைச் சொல்லித் தரவில்லை.

இவ்வகைத் தொடர்களில் குணந்தான் முக்கியம். ‘பேர்ட்ஸ் ஆப் எ பெதர்’, அதாவது ஓரிறகுப் பறவைகள் ஒன்றுகூடும் என்னும் கருத்து, 1545இல் வில்லியம் டர்னர் எழுதிய நூலிலேயே காணப்படுகிறது. நமது ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்பதற்கு இது நெருங்கிய உறவு. இரண்டிலும் இலேசான ஏளனம் உண்டு. ‘டார்ட் வித் த சேம் பிரஷ்’ என்பதை ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்று பெயர்ப்பவர் பலர். அது முழுதும் பொருந்தாது. நம் மட்டைகள் எல்லாமே ஊறியவை. ஆங்கிலத் தொடரோ, குற்றமற்றவனையும் கூட்டத்தோடு சேர்த்துப் பழிக்கும்போதே பெரும்பாலும் வருகிறது.

தந்தையை உரித்து வைத்த மகனை ஆங்கிலேயர் பழைய மரக்கட்டையின் சிராய் என்பர். நாமோ ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்கிறோம். அவர்களுக்குத் தச்சுப் பட்டறை, நமக்குத் தறி!

ஏளனமோ பழியோ இல்லாத தொடர் வேண்டுமானால் ‘ஹேவ் இன் காமன்’ இருக்கிறது. ‘இன்’ என்பதை விட்டுவிட்டு ‘வீ ஹேவ் காமன்’ என்று எழுதுவது நம் மாணவரிடையே காணும் பிழை. ‘இன்டரஸ்ட்’ என்பதன்பின் ‘இன்’ வரவேண்டிய இடத்தில் ‘அபவுட்’ போடுவதும் அத்தகையதே. ‘இசையைப் பற்றி’ என்று தமிழில் எண்ணுவதால் வருவது அது.

‘காமன்’ என்பதற்குப் ‘பொது’ என்ற பொருளோடு ‘தரங்குறைந்த’ என்ற பொருளும் உண்டு. இருவருக்கும் பொதுவான நண்பரைக் ‘காமன் பிரண்ட்’ என்றால் அவரை இழிவு செய்ததாகுமோ என்று அஞ்சியோர் ‘மியூச்சுவல்’ என்ற சொல்லை நாடினர். ஒருவருக்கொருவர் என்பதே அதன் பொருள் என்று இலக்கணக்காரர் மறுத்தனர். ஆயினும் 1864–65இல் வெளியான டிக்கன்ஸின் நாவல் அத்தொடரையே தலைப்பாகக் கொண்டது. வழக்கு வென்றது.

அந்த மாணவனும் ‘ஹேவ் மச் இன் காமன்’ என்று திருத்தித் தந்தான். படித்த தலைமையாசிரியர், “அப்படி எங்களுக்குள் என்னப்பா ஒற்றுமை?” என்று கேட்டார். அதைப் பையன் எழுதவே இல்லை.