அந்தியூர் சந்தைக்குக் கிளம்பும் முன் தோட்டத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஆடி பிறந்துவிட்டால் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்களின் பேச்சு அந்தியூர் பக்கம் திரும்பிவிடும். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் விழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை நமக்குப் பக்கம். மாட்டைக் கட்டிவிட்டு, இடையில் ஒருமுறை தோட்டத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போகலாம். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் அந்தியூர் சந்தை அப்படியல்ல. சென்னிமலை, பெருந்துறை, பவானி வழியாக மாட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டு போனால், நல்ல விலை படியும் வரை இரண்டு மூன்று நாள் தங்கத்தான் வேண்டும்.

அந்த நாட்களில் தோட்டத்தை யார் பார்ப்பது? பிள்ளைகள் காலையில் பனியன் கம்பெனி வேனில் ஏறினால் இரவுதான் வருகிறார்கள். கூலிக்கு ஆள் கேட்டாலும் திருப்பூர் போய்விட்டதாகத்தான் பதில் வருகிறது. பெரும்பாலான தோட்டங்களில் கடைசியில் பொறுப்பு வயதான தாயார் தலையிலோ தகப்பனார் தலையிலோதான் விழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜோடிக் காளைக் கன்றுகளுடன் நானும் அந்தியூர் போயிருந்தேன். இரண்டாம் நாள் இங்கே காற்றில் ஒரு பேஸ் மின்சாரம் போய்விட்டது. அது தெரியாமல் அம்மா கிணற்று மோட்டாரைப் போட்டிருக்கிறார். மோட்டார் சுற்றாமல் உறுமியது. நானாக இருந்தால் அந்தச் சத்தம் கேட்ட நொடியில் நிறுத்தியிருப்பேன். அம்மாவுக்கு அது தெரியாது. தண்ணீர் வருமென்று காத்திருந்தார், புகைதான் வந்தது. நான் திரும்பும் வரை நான்கு மாட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். கன்று விற்ற பணத்தோடு நான் வந்தபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தவறு அவருடையதல்ல. ‘நான்தான் இருக்கிறேனே’ என்று பாதுகாப்புக் கருவி பொருத்தாமல் விட்டது என் தவறு.

பழகிப்போன கோளாறுகள்

ஒவ்வொரு தோட்டத்திலும் நமக்குப் பழகிப்போன கோளாறுகள் சில உண்டு. புட்வால்வு ஒழுகுவதால் மோட்டார் போடும் முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவோம். ஸ்டார்ட்டர் பட்டன் நிற்காததால் குச்சி செருகி வைப்போம். ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைக் கட்டியிருப்போம். படலைக் கம்பியால் சுற்றி ஒரு பக்கமாகத் தூக்கித்தான் திறப்போம். கேட்வால்வைப் பாதி திருப்பினால் போதும், முழுதாகத் திருப்பினால் குழாய் பிடுங்கிக்கொள்ளும்.

இவற்றை நாம் கோளாறு என்றே நினைப்பதில்லை. கை தானாகச் செய்துவிடுகிறது. ஆனால், நாம் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவரைத் தடுக்கி விழவைப்பது இவைதான். எனவே பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை, நமக்கு எது தொந்தரவு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தோட்டத்தில் தங்குபவருக்கு எது முடியாது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒருநாள், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடமே எல்லா வேலையையும் விட்டுவிடுங்கள். மோட்டார் போடுவது, தொட்டி நிரப்புவது, தீவனம் எடுத்துப் போடுவது, மாட்டை மாற்றிக் கட்டுவது என எல்லாவற்றையும் அவரே செய்யட்டும். நீங்கள் வாய் திறக்காமல் கூடவே நில்லுங்கள். அவர் எங்கெல்லாம் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அதுதான் உங்கள் பழுதுப் பட்டியல்.

முதலில் தண்ணீர்

பட்டியலில் பத்து வேலை இருந்தாலும் தண்ணீருக்கே முதலிடம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதோடு, மின்கம்பிகளையும் உரச வைக்கிறது. ஒரு பேஸ் போன நிலையில் மூன்று பேஸ் மோட்டாரைப் போட்டால் அது சுற்றாமல் உறுமும். ஓடிக்கொண்டிருக்கும்போது போனால், மீதமுள்ள இரண்டு கம்பிகளில் கூடுதல் மின்சாரம் இழுக்கும். இரண்டிலும் வைண்டிங் சூடாகிக் கருகும். இதைத் தடுக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் கருவியை ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்திக்கொள்ளுங்கள். ஓவர்லோடு ரிலேயை நேராகப் பிணைத்து வைத்திருந்தால் அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். மின்வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று அவரையே சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். தண்ணீர் வற்றினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். வறட்டு ஓட்டத்தைத் தடுக்கும் கருவி இல்லாவிட்டால், ஊரில் இல்லாத நாட்களில் ஆட்டோவை அணைத்து வையுங்கள்.

எவ்வளவு சரிபார்த்தாலும் மோட்டார் மக்கர் செய்யலாம். அதற்குத்தான் தொட்டி. மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கணக்கு வைத்தால், நான்கு மாட்டுக்கு 200 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் மாட்டுக்கு மட்டும் ஐந்து நாள் தாங்கும். கறவை மாடு கூடுதலாகக் குடிக்கும். தொட்டியில் கசிவு இருந்தால் பத்து நாளுக்கு முன்பே அடைத்து, நிரப்பி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். தொட்டிக் குழாய் கட்டுத்தரை வரை வந்தால் யாரும் குடம் தூக்க வேண்டியதில்லை.

கூரையும் படலும்

அடுத்தது கட்டுத்தரை. தகரக் கூரையில் ஆணி தளர்ந்து படபடக்கும் தகடு இருந்தால் இறுக்குங்கள். காற்றில் பிய்ந்து விழும் தகடு மாட்டின் முதுகைக் கிழித்துவிடும். ஓட்டு வீட்டில் நகர்ந்த ஓடுகளைத் தள்ளி அடுக்குங்கள். முழுக் கூரையையும் பிரித்து மாற்றும் வேலையை இப்போது தொடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் செய்ய நாள் இருக்கிறது.

கொறங்காட்டில் மேய விடுபவர்கள் கிளுவை வேலியை ஒருமுறை சுற்றி வர வேண்டும். சந்து இருந்தால் முள்ளை வெட்டி அடையுங்கள். மாடு பக்கத்துக் காட்டில் புகுந்துவிட்டால் வயதானவர்களால் ஓட்டி வர முடியாது.

ஆள் பிடிப்பதில் ஒரு யோசனை. நம் பகுதி எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர்களில் பலர் பனியன் கம்பெனிகளுக்கும் வேலை பார்க்கிறார்கள். கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான்கு வேலைக்கு நான்கு முறை அழைக்காமல், பட்டியலைக் காட்டி ஒரே நாளில் முடியுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களில் எந்தப் புதிய வேலையையும் தொடங்காதீர்கள். ஓடும் மோட்டாரைக் கழற்றினால் வைண்டிங் கடையில் எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. பழைய கோளாற்றோடு ஓடும் மோட்டாரை விட, பாதியில் பிரித்துப் போட்ட மோட்டார் ஆபத்தானது.

வண்டி ஏற்றும் முன்

சந்தைக்குப் போகும் மாட்டுக்குக் கோமாரி தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும். ஊசி போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது, இரண்டு முதல் மூன்று வாரமாகும். எனவே முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். பயணத்துக்கு மாடு தகுதியானது என்று கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள்.

கால்நடைகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ம் ஆண்டு விதிகளின்படி, ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும். வழுக்காமலிருக்கத் தரையில் கயிற்றுப் பாய் அல்லது பலகை போட வேண்டும். மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது. மாடு மிரளாமலிருக்க, இயன்றவரை இன்ஜினைப் பார்த்து நிற்குமாறு கட்ட வேண்டும். மாடு ஒன்றுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. வாடகை பேசும்போதே வண்டியின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டால், ஏற்றும் நேரத்தில் தகராறு வராது. ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்றுவதற்குத் தோட்டத்தில் மண்மேடு ஒன்று அமைத்துவிடுங்கள். வண்டியின் பின்பக்கத்தை அதில் ஒட்டி நிறுத்தினால் மாடு நடந்தே ஏறும். இறக்கும்போதும் கால் ஒடியாது.

திரும்பி வரும் மாட்டுக்கு ஓர் இடம்

பலர் மறக்கும் வேலை இதுதான். சந்தையில் பல ஊர் மாடுகள் ஒன்றாக நிற்கின்றன. விலை படியாமல் திரும்பும் மாடோ, புதிதாக வாங்கி வரும் மாடோ நோயையும் சுமந்து வரலாம். நேராகக் கட்டுத்தரையில் கட்டினால் வீட்டிலிருக்கும் மாடுகளுக்கும் பரவும். எனவே கிளம்புவதற்கு முன்பே சற்றுத் தள்ளி, காற்று அடிக்கும் திசையையும் பார்த்து, ஒரு முளையும் தனித் தொட்டியும் சிறு நிழலும் ஏற்பாடு செய்துவிடுங்கள். குறைந்தது மூன்று வாரம் அந்த மாடு அங்கேயே நிற்கட்டும். வீட்டு மாடுகளுக்குத் தீவனம் போட்ட பிறகே அதனிடம் போக வேண்டும்.

கடைசியாக, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டார்ட்டர் பெட்டி அருகே மாட்டுங்கள். மோட்டார் உறுமினால் உடனே அணைக்கவும்; மின்தடைக்கு மின்னகம் 94987 94987; மாட்டுக்கு உடல்நலமில்லை என்றால் 1962; இவற்றோடு பக்கத்துத் தோட்டத்துக்காரரின் எண்ணையும் எழுதுங்கள். போகும் முன் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அவர் சந்தைக்குப் போகும்போது அவர் கட்டுத்தரையை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.